கேட்டதற்கு மட்டும் பதில்

தம்பி,

நீயும் அப்பாவும் பிளாக்டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறீர்கள். அப்பா மீன் கடையில் ஒவ்வொரு மீனாக விலை கேட்டுவிட்டுக் கடைசியில் முதலில் பார்த்த மீனையே வாங்குவார். அதற்குள் இதில் பாதியையாவது எழுதிவிடலாம் என்று அடுப்பை அணைத்து, குசினி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரில் பேசலாம்தான். ஆனால் நான் தொடங்கினால் நீ ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உன் அறைக்குள் போய்விடுவாய். அந்த வாக்கியம் எனக்கு விளங்கிவிடும், அதுதான் கோபம் வருகிறது. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். நல்லதுதான், மெதுவாக வாசி. இதை எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். பெயர் ஒன்றும் போடவில்லை, பயப்படாதே. எங்களைப் போல விசா முடிவாகாமல் பிள்ளை வளர்க்கிற அம்மாமார் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நான் உன்னைப் பழக்கிய மாதிரியே அவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பழக்கியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு முன் மெல்பேர்ணில் இருக்கிற அந்தச் சட்ட நிறுவனத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டும். சட்டம் படித்து முடித்த பிள்ளைகளை ஒரு வருடம் பக்கத்தில் வைத்துப் பழக்கிச் சட்டத்தரணி ஆக்குகிற ட்ரெய்னி வேலை. எத்தனையோ இடத்தில் கேட்டு, எத்தனையோ இடத்தில் இல்லை என்று கேட்டுக்கொண்டு வந்த பிறகு, ஒரு இடம் உன்னை வா என்கிறது. நீ எங்களிடம் "யோசிக்கிறன்" என்றாய். நீ யோசிக்கவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாய், அதை எங்களுக்கு நோகாமல் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறாய். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினாயே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக எங்கள் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். நாங்கள் படகில் வந்தவர்கள். நீ அப்போது சின்னப் பிள்ளை. எங்கள் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரியில்லை என்று போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை பிரிட்ஜிங் விசா என்று ஒன்றில் இருக்கிறோம். வேலை செய்யலாம், வரி கட்டலாம், நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. விசா முடிகிற தேதி வரும்போது புதுப்பித்துத் தருவார்கள், தாமதமாகத் தருவார்கள், தராமல் விட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. விண்ணப்பம் என் பெயரில் இருக்கிறது. அதற்குக் கீழே நீ. நான் சொன்னது எடுபட்டால் உனக்கும் எடுபடும், எடுபடாவிட்டால் உனக்கும் இல்லை. உன் வகுப்பில் முதலாவதாக வந்ததும், பல்கலைக்கழகம் உதவிப்பணம் தந்து உன்னைச் சட்டம் படிக்க எடுத்ததும் அந்தக் காகிதத்தில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

நீ சட்டம் படிக்கப் போகிறாய் என்றதும் எல்லாரும் ஒன்றைத்தான் நினைத்தார்கள். அகதிகளுக்கு வழக்காடப் போகிறான் என்று கோயிலில் கண்டவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். எனக்கும் அந்த நினைப்புத்தான். நீயோ கம்பெனிச் சட்டம் என்றாய். அது என்ன என்று கேட்டேன். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது ஒப்பந்தங்களை எல்லாம் வாசித்து எங்கே என்ன சிக்கல் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை என்று சொன்னாய். ரெண்டு கம்பெனிக்குக் கலியாணம் பேசுகிற தரகர் வேலை என்று சொல்லிவிட்டுப் போயேன் என்றேன். தரகர் இல்லை, சாதகம் பார்க்கிற ஆள் என்றாய். அப்பா சோற்றோடு சிரித்துப் புரையேறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. எங்களுக்குக் காசு வாங்காமல் வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணிகளை நினைத்தேன். அவர்களைப் போல ஒருவனாக வராமல் பணக்காரக் கம்பெனிகளுக்குப் போகிறானே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஒருநாள் அதை உன்னிடம் கேட்டேவிட்டேன். நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாய், நிமிரவில்லை.

"அம்மா, அங்க பிழை விட்டா காசுதான் போகும். ஆள் போகாது."

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. கோயிலில் கேட்டவர்களுக்கு, அவனுக்குப் பிடித்ததை அவன் படிக்கிறான், உங்களுக்கு என்ன என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். ஒரு அன்ரி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிறகு விண்ணப்பக் காலம் வந்தது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே காலத்தில் கதவைத் திறந்து ஒரே காலத்தில் மூடும் என்று எங்களுக்கு யார் சொன்னது? நீ இந்த மேசையில் லாப்டொப்பை வைத்துக்கொண்டு, ஏன் எங்கள் நிறுவனம், ஏன் கம்பெனிச் சட்டம் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக எழுதினாய். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது: நீ இந்த நாட்டுக் குடிமகனா, நிரந்தர வதிவாளனா, வேறா? நீ ஒவ்வொரு தடவையும் 'வேறு' என்பதை அழுத்தினாய். அந்த இடத்தில் உன் விரல் கொஞ்சம் நிற்கும். நான் அரிசி களைகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அநேகம் பேரின் பதில் கெதியாக வந்தது. வாழ்த்துச் சொல்லி, நன்றி சொல்லி, இல்லை என்று. இவ்வளவு மரியாதையாக ஒருவரை வெளியே விடலாம் என்று நான் அதுவரை கண்டதில்லை.

ஆனாலும் சில இடம் உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அதற்குமுன் ஒரு பின்னேரம் நகரத்தில் உயரமான கட்டடம் ஒன்றில் மாணவர்களையும் சட்டத்தரணிகளையும் பழகவிடுகிற கூட்டம் ஒன்றும் வைத்தார்கள். ஒரு கையில் தோடம்பழச் சாறும் மறு கையில் குச்சியில் குத்திய இறாலுமாக நின்றதால் ஒருவருக்கும் கை கொடுக்க முடியவில்லை என்று வந்து சொன்னாய். இறாலைச் சாப்பிட்டிருக்கலாமே என்றேன். குச்சியை எங்கே போடுவது என்று தெரியவில்லை என்றாய். அன்று நாங்கள் மூன்று பேரும் நன்றாகச் சிரித்தோம். அந்தக் காலத்தில் நாங்கள் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நேர்முகம் என்றதும் நான் துணிந்து இறங்கினேன். எங்கள் வீட்டில் நேர்முகம் என்றால் என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதானே. குடிவரவு அதிகாரியின் முன்னால் ஒரு முழு நாள் இருந்தவள். இந்த மேசையில் நான் அதிகாரியாக இருந்தேன். அப்பா பக்கத்தில் இருந்து ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டே இருக்கிற இரண்டாவது அதிகாரி. அவருக்கு அந்த வேஷம் நன்றாகப் பொருந்தியது. நான் உனக்குச் சொல்லித் தந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு, ஊகிக்காதே. ஒருமுறை சொன்னதை மறுமுறை ஒரு சொல்கூட மாற்றிச் சொல்லாதே. சிரிக்காதே, சிரித்தால் பொய் என்று நினைப்பார்கள். அழாதே, அழுதால் நடிப்பு என்று நினைப்பார்கள். உன் வாயால் ஒன்றையும் தொடங்காதே. நீ படித்துக்கொண்டாய். நான் எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதே பதில், அதே ஒழுங்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிட்னியில் முதலாவது இடத்துக்குப் போய் வந்து, "கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னனான்" என்றாய். நான் உனக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தேன். இல்லை என்று வந்தது. இரண்டாவது இடமும் அப்படித்தான். மூன்றாவது இடத்தில் இருந்து ஒரு பெண் உனக்கு ஃபோன் எடுத்தார். இரக்கப்பட்டு எடுத்தவர், நன்றாக இருக்கட்டும். நீ குசினியில் நின்று கதைத்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னாய்: உன் பதில் ஒன்றிலும் குறை இல்லையாம். ஆனால் அவ்வளவு நேரம் எதிரே இருந்தும் அவர்கள் உன்னைச் சந்திக்கவில்லையாம். இது என்ன விசர்க்கதை, நேரேதானே இருந்தாய் என்று நான் அந்தப் பெண்ணைத் திட்டினேன். நீ என்னைப் பார்த்தாய். நீ அப்போதே விளங்கிக்கொண்டுவிட்டாய், எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு விளங்கியது கெல்லிவில்லில். நீ சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிற தமிழ்ப் பள்ளியில் பழக்கமான அன்ரி, தமிழ்நாட்டுக்காரர், வங்கி ஒன்றில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பகுதியில் இருக்கிறவர். வாங்க, நான் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்று எங்களை அங்கே இருக்கிற தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பெரிய வீடு, வாசலில் எங்கள் சப்பாத்துகளை எங்கே கழற்றுவது என்றே தெரியவில்லை. எங்கள் விசாவைப் பற்றி அவருக்கு நாங்கள் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் உனக்கு எதிரே உட்கார்ந்து, உன்னைப் பத்திச் சொல்லுப்பா என்றார். நீ முழுப் பெயரைச் சொன்னாய். பிறந்த தேதி சொன்னாய். பிறந்த இடம் சொன்னாய். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய தேதி சொன்னாய். பிறகு நிறுத்தி, அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு இருந்தாய்.

"ஐயோ, இது என்ன விசா ஆபீஸா" என்று அவர் சிரித்தார். உன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் வேறு கேள்விகள் கேட்டார். நான் சோபாவில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் தொடையில். முதுகு கதிரையில் படவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நீ கொஞ்சம் பொறுக்கிறாய். பொறுக்கிற நேரத்தில் உன் கண் அன்ரியைப் பார்க்கவில்லை, அவருக்குப் பக்கத்தில் இருந்த வெறும் கதிரையைப் பார்க்கிறது. உனக்கு ஆங்கிலத்தில் என்ன தடுமாற்றம்? நீ கனவு காண்பதே ஆங்கிலத்தில்தான். பிறகுதான் எனக்கு உறைத்தது. என் குடிவரவு நேர்முகத்தில் மொழிபெயர்ப்பாளர் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். நீ ஹைஸ்கூல் தொடங்கிய வருடம், அதிகாரியின் அறையில் என் பக்கத்தில் இருந்து முழு நாளும் பார்த்துக்கொண்டிருந்தாய். கேள்வி, மொழிபெயர்ப்பு, என் பதில். நான் இருந்த மாதிரியே இருந்து, நான் பொறுத்த மாதிரியே பொறுத்து, யாரும் மொழிபெயர்க்காத கேள்விக்கு மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்கிறாய். மேசையில் வைத்து நான் உனக்குச் சொல்லித் தந்தது எல்லாம் நீ முன்பே படித்து முடித்த பாடம்.

எனக்கு எழுந்து வெளியே போக வேண்டும்போல் இருந்தது. அந்த நேரம் பார்த்து அன்ரி என் பக்கம் திரும்பினார். சூழ்நிலையைக் கொஞ்சம் இலகுவாக்கத்தான் திரும்பினார், பாவம்.

"நீங்க சொல்லுங்க அக்கா. உங்க பையன் எப்படிப்பட்டவன்?"

நான் வாயைத் திறந்தேன். உன் வயதைச் சொன்னேன். ஒரே பிள்ளை என்றேன். நல்ல பிள்ளை என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பத்து மாதம் சுமந்து பெற்று, கடலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ கேட்டாய், "அம்மா, நான் என்னத்தைச் சொல்லலாம், என்னத்தைச் சொல்லக்கூடாது?" எனக்குத் தெரியாது என்றேன். உன்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிஸ்கட் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் யாருக்கும் விளங்காது. ஊரில் என் கூடப்பிறந்த தம்பியை, உன் மாமாவை, இராணுவம் பிடித்துக்கொண்டுபோன பிறகு நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய நாள், இராணுவச் சோதனைச் சாவடி ஒன்றில் நிறுத்தினார்கள். அங்கே உங்களை ஏதாவது செய்தார்களா என்று இங்கே நேர்முகத்தில் குடிவரவு அதிகாரி கேட்டார். அன்றைக்கு அங்கே ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் நியாயமான ஆள் என்று அவருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். எல்லாவற்றையும் கெட்டதாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். நடந்த உண்மையும் அதுதான். அதனால், நீ அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து ஒரு ஆமிப் பெடியன் உனக்கு ஒரு பிஸ்கட் தந்தான் என்றேன். யாரும் அதைக் கேட்கவில்லை. மறுத்து எழுதியபோது, என் தம்பியைப் பற்றிச் சொன்னதை ஓரிரு வரியில் முடித்துவிட்டு, இராணுவத்தினர் இவருடைய பிள்ளையை அன்பாக நடத்தியதாக இவரே ஒப்புக்கொள்கிறார் என்று அந்தப் பிஸ்கட்டை எழுதியிருந்தார்கள். எங்கள் வாழ்க்கை ஒரு பிஸ்கட்டில் போய் மாட்டிக்கொண்டது. அன்றையில் இருந்து இந்த வீட்டில் யாரும் கேட்காததைச் சொல்வதில்லை. கடைக்காரர் எப்படி இருக்கிறாய் என்றால் நன்றாக இருக்கிறேன் என்பதோடு சரி.

மெல்பேர்ண் நிறுவனம் உன்னைக் கணினித் திரையில்தான் கண்டது. நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் உடுப்பு மடிக்கிற சாட்டில் வெளியே நின்றேன். உன் குரல் கேட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அந்த இடைவெளி இல்லை. பிறகு நீ நெடுநேரம் பேசினாய். வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாய், "அம்மா, பிஸ்கட் கதையைச் சொல்லிப்போட்டன்."

நான் உன்னைத் திட்டியது உனக்கு நினைவிருக்கும். ஆரைக் கேட்டுச் சொன்னாய் என்று கத்தினேன். அது என் கதை என்றேன். அதைப் பதிந்து வைத்துக் குடிவரவுத் திணைக்களத்துக்குக் கொடுப்பார்கள் என்றேன். நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். ஏன் இந்தத் துறை என்று அவர்கள் கேட்டார்கள். என் அம்மா ஒரு அறையில் சொன்ன ஒரு உண்மையான வசனத்தை இன்னொருவர் ஒரு பத்திரத்தில் வேறு இடத்தில் வைத்து எழுதினார், அந்த வசனத்துக்குள்ளே நாங்கள் மூன்று பேரும் இத்தனை வருடமாக இருக்கிறோம், அதனால் எழுத்தில் ஒரு வசனம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை வாசிக்கிற ஆளாக இருக்க விரும்புகிறேன் என்று சொன்னாயாம். அந்தப் பிஸ்கட்டின் ருசி உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அல்லது அந்த மறுப்புக் கடிதத்தில் வாசித்ததால் ஞாபகம்போல இருக்கிறதா என்று உனக்கே தெரியவில்லை என்றும் சொன்னாயாம். அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அப்பா கேட்டார். மேலே சொல்லச் சொன்னார்கள் என்றாய்.

இரண்டு நாள் நான் உன்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனேன். கம்பெனிக்காரர்களுக்கும் திணைக்களத்துக்கும் தொடர்பு இல்லை என்று எனக்குத் தெரியாதா? மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. செவன் ஹில்ஸில் சான்ட்விச் தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு முன்னால் நிற்கும்போது, பாண் துண்டுகள் வரிசையாக வர வர, ஒவ்வொன்றாக மூடி அனுப்பிக்கொண்டு, இவன் ஏன் சொன்னான், இவன் ஏன் சொன்னான் என்று அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். மெல்பேர்ண் நிறுவனம் உன்னைத் தெரிவு செய்த செய்தியும் நான் அங்கே நின்றபோதுதான் வந்தது. வேலை முடிந்து ஃபோனைப் பார்த்தால் அப்பா எடுத்திருந்தார். திருப்பி எடுத்தேன். விசாவைப் பற்றி அவர்களுக்குத் தெரியும், வேலை செய்கிற அனுமதி இருக்கும்வரை வா என்கிறார்கள், அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை என்று அப்பா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உடுப்பு மாற்றுகிற அறையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, பயமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை, பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீ காருக்குப் பக்கத்தில் நின்று அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, குப்பை போட வந்தேன். "நான் போனா வாற கடிதத்தை ஆர் வாசிக்கிறது? நான் அங்க நிக்கேக்க தீர்ப்பு வந்தா நீங்கள் ரெண்டு பேரும் தனிய." அப்பா கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த கண்ணாடியைத்தான்.

சரி, இப்போது நான் சொல்வதைக் கேள். தீர்ப்பு வருகிற நாளில் வரும். நீ வாசலில் நிற்கிறாய் என்பதற்காக அது நல்ல தீர்ப்பாக மாறாது. கடிதம் வந்தால் எங்கள் சட்டத்தரணிக்கு எடுத்துக்கொண்டு போவோம். அவசரம் என்றால் கெல்லிவில் அன்ரி இருக்கிறார். எங்கள் கதையை இப்போது அவருக்குச் சொல்லிவிட்டேன், முழுக்க. போன கிழமை நானே ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவர் அழுதார், நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாகப் போய்விட்டது. அப்பாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், நீ இருப்பதால் தெரியாத மாதிரி இருக்கிறார். மூன்று பேர் ஒரு அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றால் அறை பெரிதாகிவிடாது, மூச்சு விடத்தான் கஷ்டம்.

உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீ மெல்பேர்ணுக்குப் போனாலும் அந்த விசா உன்னோடுதான் வரும். புதுப்பிக்கிற காலம் வரும்போது அங்கேயும் உனக்கு நித்திரை வராது. தீர்ப்பு எதிராக வந்தால் அந்த வேலையும் போகலாம். உன்னோடு சேர்ந்தவர்கள் லண்டனுக்கு வேலையாகப் போகும்போது நீ ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு நிற்பாய். இதில் இருந்து உன்னை வெளியே எடுத்துவிட என்னிடம் ஒரு வழியும் இல்லை. இருந்திருந்தால் எப்போதோ எடுத்திருப்பேன். என்னிடம் இருப்பது ஒன்றுதான், என் வாயால் உன்னைப் போ என்று சொல்வது. அதைச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. நீ வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிட்டு வந்து இந்தக் கதிரையில் இருந்தால், எனக்குள்ளே ஒரு மூலை சந்தோஷப்படும். உனக்குப் பிட்டு அவித்துத் தரும். அந்த மூலைக்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. அந்த ஆமிப் பெடியன் பிஸ்கட் தந்தது உண்மை. அவனுக்கும் உன் வயதுகூட இருந்திருக்காது. நான் அதைச் சொன்னது பிழை இல்லை. எழுதினவர்கள் எழுதின விதம் அவர்களுடைய பாடு. அதைப் பிழை என்று உனக்கு இத்தனை வருடம் சொல்லி வளர்த்தேனே, அதுதான் பிழை. நீ அதை எந்த அறையிலும் சொல்லலாம். அது உன் பிஸ்கட்தானே, நீதானே சாப்பிட்டாய்.

அங்கே போனதும் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு இருக்காதே. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சிரித்துக்கொண்டே கேள். இறால் தந்தால் சாப்பிடு, குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள். மெல்பேர்ண் குளிர் இங்கே மாதிரி இல்லையாம், அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு போ. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்காதே. நாளைக்குக் காலையிலேயே ஓம் என்று சொல்லிவிடு.

கார் வருகிற சத்தம் கேட்கிறது. அப்பா ஹோர்ன் அடிக்கிறார், அப்படியென்றால் மீன் பெரிது. முடிப்பதற்கு முன்னால் அன்ரி என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு வராதது இப்போது வருகிறது. என் மகன் பகிடியைச் சொல்லி முடிக்க முன்னமே தானே சிரித்துவிடுவான், அதனால் அவனுடைய பகிடி ஒன்றும் எங்களுக்கு முழுதாகத் தெரியாது. குளிக்கும்போது பாடுவான், ராகம் பிடிபடாது. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அ எழுதப் பழக்கும்போது தன் நாக்கையும் சேர்த்துச் சுழிப்பான். அப்பாவின் வேலைச் சட்டைகளை அயர்ன் பண்ணிவிட்டு, அயர்ன் பண்ணாத மாதிரி மடித்து வைப்பான், அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்று. கோபம் வந்தால் கோப்பை கழுவுவான். யாருக்கும் தெரியாமல் பயப்படுவான், அதில் மட்டும் என்னைப் போல. கடலில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் அழுதபோது, என் காதுக்குள் வந்து, அம்மா நீங்கள் பயப்படாதீர்கள், கரை இருக்கும் என்று சொன்னான்.

இதில் ஒன்றையும் இந்த நாட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அம்மா